அடுத்த வீட்டுச் சுவர்: அக்கம்பக்கத்து நாவல் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகரத்தில் அக்கம்பக்கம் வாழ்பவர்களைப் பற்றி நாவல் எழுதிப் பார்க்கும் நண்பர்களின் கைப்பிரதிகளைச் சில வருஷங்களாகப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்துவருகிறேன். வருகிற ஆட்கள் வேறு, கேள்விகள் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துபோனதால் இங்கே மொத்தமாகப் பதில். உதாரணங்கள் எல்லாம் சென்னையிலிருந்து. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஊர் அது ஒன்றுதான்.

கட்டடத்தை முதல் அத்தியாயத்திலேயே முழுதாக வர்ணித்துவிட வேண்டுமா?

வேண்டாம். எனக்கு வரும் பிரதிகளில் பாதிக்கு மேல் காரை பெயர்ந்த சுவரில்தான் தொடங்குகின்றன. சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். மாடிப்படியில் பூனை படுத்திருக்கும். நன்றாகவே எழுதியிருப்பார்கள். ஆனால் நான்கு பக்கம் தாண்டியும் அந்த வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியாது.

எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். ஏழு குடித்தனம், ஒரு முற்றம், ஓர் அடி பம்பு, கொல்லையில் இரண்டு கக்கூஸ். அவற்றில் ஒன்று வீட்டுக்காரருக்கு மட்டும், பூட்டுப் போட்டிருக்கும். மற்றது மீதி எல்லோருக்கும். விடிகாலை ஐந்தரைக்கு ரயில்வேக்காரர், அவருக்குப் பின்னால் டீச்சர், ஏழு மணிக்குள் ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். வேலைக்குப் போகாதவர்கள் எட்டுக்கு மேல். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒரு நாள் மாடி அறைக்காரர் ஆறே காலுக்கு வாளியோடு வந்து வரிசையில் நின்றார். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று வீடு முழுக்கத் தெரிந்துகொண்டது அப்படித்தான். இரண்டு வருஷம் கழித்து அவர் மறுபடியும் எட்டரைக்கு வர ஆரம்பித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் அம்மா மட்டும் அந்த வாரம் அவருக்கு இரண்டு முறை ரசம் கொடுத்தனுப்பினாள்.

அந்த வாளி வரிசையை எழுதினால் வீடும் வந்துவிடும், ஆளும் வந்துவிடுவார். ஆகவே எழுத உட்காரும் முன் ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கட்டடத்தில் எதெல்லாம் பொது? எது யாருக்கு, எந்த நேரத்தில்? உடைந்தால் செலவு யாருடையது? ரேழி பல்பு பியூஸ் போனால் யார் மாற்றுவார்கள், யார் இருட்டிலேயே தடவிப் போவார்கள்? இவ்வளவும் தெரிந்தபின் அரசங்கன்றை வைத்துக்கொள்ளலாம். அதைப் பிடுங்க ஆள் கூப்பிடும் கூலியை யார் கொடுப்பது என்பதும் அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒண்டுக்குடித்தனம், வாரியக் குடியிருப்பு, அபார்ட்மென்ட். எதில் கதை அதிகம்?

கதை எதிலும் உண்டு. சண்டையின் வடிவம்தான் மாறும்.

ஒண்டுக்குடித்தனத்தில் அதிகாரம் ஒரே ஆளிடம். அந்த ஆள் பெரும்பாலும் அதே கூரைக்குக் கீழே, முன்கட்டில் இருக்கிறார். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. வீட்டைக் காலி பண்ண வைக்க நினைக்கும் வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுப்பார். வாடகை பாக்கி என்று பிறகு கோர்ட்டில் சொல்லலாம் அல்லவா? குடித்தனக்காரர் விடுவாரா, மணியார்டர் அனுப்புவார். பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு முப்பது அடி. பணம் தபாலாபீஸ் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். தபால்காரர் அதைத் திண்ணையில் வைத்து நீட்டும்போது இருவரும் அங்கேயே இருப்பார்கள், முகம் பார்க்காமல். இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது, யாரும் எனக்கு எழுதிக் காட்டியதும் இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபின் எழுத்து ஒப்பந்தம், பதிவு என்று விதிகள் மாறிவிட்டன. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றும் அதில் உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய வாய்க்கு அது அவ்வளவு சீக்கிரம் பழகவில்லை. உங்கள் கதை எந்த வருஷத்தில் நடக்கிறதோ அந்த வருஷத்துச் சட்டத்தில் உங்கள் ஆட்கள் சண்டை போட வேண்டும்.

குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே குடியிருப்பவர் வாயில் இந்த நீளப் பெயரை வைத்துவிடாதீர்கள், "போர்டு" என்றுதான் சொல்வார்கள். 2000 முதல் ஊரின் தெற்கு விளிம்பில் உள்ள கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். வீடு ஒதுக்கியது குலுக்கலில். இருபது வருஷம் எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்த இரண்டு பெண்கள், ஒருத்தி ஒரு கோடியில், இன்னொருத்தி மறுகோடியில் எட்டு அடுக்குக் கட்டடத்தின் ஏழாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் இறங்கி ஏறுவதற்குள் பேச வேண்டியதே மறந்துபோகும். அக்கம்பக்கம் என்றால் சேர்ந்திருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. அக்கம்பக்கம் கலைக்கப்பட்ட கதை இந்த ஊரில் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடையாளத்துக்கும் அங்கே வேறு கணக்கு. வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் விலாசத்தில் கண்ணகி நகர் என்று எழுதத் தயங்கி, துரைப்பாக்கம் என்று பகுதிப் பெயரை மட்டும் எழுதிய கதைகள் செய்திகளிலேயே வந்திருக்கின்றன. 2020 வாக்கில் அந்தச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், பார்க்க ஆட்கள் வந்தார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அந்த வாரம் ஊரே அந்தப் பெயரைச் சொன்னது. மறைத்து எழுதிய அதே விலாசத்தை ஒரு பையன் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும் நாள் ஒரு நாவலுக்கு எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

அபார்ட்மென்ட்டில் வீட்டுக்காரர் கிடையாது, அசோசியேஷன் உண்டு. பத்திரத்தில் "பிரிபடாத பாகம்" என்று இருக்கும்: நிலத்தில் எல்லோருக்கும் பங்கு, ஆனால் என் பங்கு இதுதான் என்று யாரும் கால் வைத்துக் காட்ட முடியாது. மிச்சம் எல்லாம் மெயின்டனன்ஸ், கார் நிறுத்துமிடம், வாட்ச்மேன் தூங்கினாரா இல்லையா. கூட்டத்தில் ஓனருக்கு நாற்காலி, வாடகைக்கு இருப்பவருக்குச் சுவரோரம். வீட்டு வேலைக்கு வரும் பெண் எந்த லிஃப்டில் ஏறலாம் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தால், அந்தக் காகிதத்தின் எழுத்தையும் எழுத்துப்பிழையையும் அப்படியே நாவலில் வையுங்கள்.

சாதியைப் பெயர் சொல்லி எழுதலாமா? பிரச்சினை வருமா?

எழுதாமல் இருந்தால்தான் நாவலுக்குப் பிரச்சினை. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவது நின்று நாளாயிற்று, இனிஷியல் மட்டும்தான். தெருப் பலகைகளிலிருந்தும் சாதி வாலை எடுத்தார்கள். நல்ல காரியம்தான். அதனால் பக்கத்து வீட்டார் துப்பறிய வேண்டியதாகிவிட்டது. வீடு பார்க்கப் போன எவருக்கும் இந்த உரையாடல் தெரியும்:

"எந்த ஊரு உங்களுக்கு?"

"திருநெல்வேலிப் பக்கங்க."

"திருநெல்வேலில எங்க?"

"சங்கரன்கோவில்."

"அட, எங்க சகலை அங்கதான் இருந்தாரு. சங்கரன்கோவில்ல எந்தத் தெரு?"

இங்கே கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று பதில் சொல்பவருக்குத் தெரியும். தெரியும் என்பது கேட்பவருக்கும் தெரியும். தெருப் பெயரில் அகப்படாவிட்டால் குலதெய்வம், அதிலும் அகப்படாவிட்டால் "கவிச்சி சமைப்பீங்களா?" 'வெஜிடேரியன் மட்டும்' என்று கேட்டில் தொங்கும் பலகை சாப்பாட்டோடு நிற்பதில்லை. கத்திரிக்காய் மட்டுமே சமைக்கத் தயாராக வந்தாலும் சிலருக்கு வீடு கிடையாது. வீடு கேட்கும் இந்த ஒரு காட்சியை இரண்டு பேர் பக்கமிருந்தும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். வீட்டுக்கார அம்மாள் கெட்டவள் இல்லை, காபி கொடுத்துத்தான் கேட்பாள். எந்த டம்ளரில் கொடுத்தாள் என்று கவனித்து எழுதுங்கள், போதும்.

இதில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு பிழை. பிரதியில் எல்லோருக்கும் சாதி இருக்கும், கதைசொல்லி வீட்டுக்கு மட்டும் இருக்காது. எதிர்வீட்டிலிருந்து கருவாட்டு நாற்றம் வரும், கதைசொல்லி வீட்டிலிருந்து சாம்பார் மணம் வரும். நாற்றம், மணம் என்ற இரண்டு சொல்லிலேயே ஆசிரியர் எந்த ஜன்னலில் நின்று எழுதுகிறார் என்று தெரிந்துவிடுகிறது. கருவாடு வறுக்கும் வீட்டுக்குள் போய் நின்று, அங்கிருந்து சாம்பார் எப்படி மணக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, பிரியாணி பாய். ரம்ஜான் அன்று தூக்குச் சட்டியோடு வருவார், சிரிப்பார், போய்விடுவார். நானூறு பக்கத்தில் அவருக்கு அதுதான் வேலை. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்கும் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலுக்கும் நடந்து போகும் தூரம்தான். அங்கே வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், எங்கள் தெரு பாய்களுக்குக் கடன் இருந்தது, முன்கோபம் இருந்தது, ஒருவருக்குக் கர்நாடக சங்கீதத்தில் அசாத்தியப் பிடிவாதம் இருந்தது. அவருக்கு ஒரு பெயரும் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் யோசித்தேன்.

ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட வைப்பது?

காலத்துக்கும் கட்டடத்துக்கும் தக்கபடி. எங்கள் வீட்டில் மாமா, மாமி, அக்கா, டீச்சர், பாட்டி, "மாடி அண்ணா". சௌகார்பேட்டைப் பக்கம் போனால் "சேட்டு". அபார்ட்மென்ட்டில் "ஆன்ட்டி"யில் ஆரம்பித்து இப்போது ஃபிளாட் நம்பரில் வந்து நிற்கிறது: "எஃப்-2 சார் இன்னும் மெயின்டனன்ஸ் கட்டலை." ஒரே பெண் மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கூப்பிடப்படுவாள். வாட்ச்மேனுக்கு மேடம், காய்காரம்மாவுக்குப் பாப்பா, ஊரிலிருந்து வரும் அத்தைக்கு "ஏளா". இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் அவளைப் பற்றி வேறு அறிமுகம் தேவைப்படாது.

மெட்ராஸ் பாஷையில் எழுதலாமா? வாசகருக்குப் புரியுமா?

புரியும். பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. பிரதிகளில் அந்தப் பேச்சு ஆட்டோக்காரருக்கும் வேலைக்காரிக்கும் மட்டும், அதுவும் சிரிப்புக்காக வருகிறது. "கஸ்மாலம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சினிமாவுக்கு வெளியே அந்தச் சொல்லை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. நாஷ்டா, பேஜார், கலீஜ் எல்லாம் உருது வழி வந்தவை, நைனா தெலுங்கு, துட்டு டச்சுக்காரர்களின் காசுப் பெயர். இத்தனை ஊரார் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்ததால் உண்டான பேச்சு அது. அந்தப் பேச்சில் சாவு வீட்டில் ஆறுதல் சொல்வார்கள், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள். அதையும் எழுதுங்கள்.

சொல்லை அள்ளித் தெளிப்பதைவிட "வந்துகினு", "குந்து", "இட்டுனு வா" மாதிரி வினை முடிவுகளைச் சரியாகப் பிடித்தால் காது நம்பிவிடும். ஆள் பேச்சை மாற்றும் இடத்தையும் கவனியுங்கள். என் இப்போதைய அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒருத்தி நாலாவது மாடியில் "வரேங்கம்மா" என்பாள், கீழே மோட்டார் ரூம் பக்கம் இறங்கியதும் "வர்ட்டா" என்பாள். நாலு மாடி இறங்குவதற்குள் அவள் தோளும் ஒரு அங்குலம் தளர்ந்திருக்கும். சென்னையிலேயே பிறந்த மகன் இப்படிப் பேச, தாய் தூத்துக்குடிக்கு போன் போட்டால் மட்டும் குரல் ஏறி ஊர்ப் பேச்சு திரும்பும். சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு, அடுத்த வீட்டில் யாரோ புது ஆள் வந்திருப்பதாகத் தோன்றும்.

கதை நடக்கும் காலத்தை எப்படிக் காட்டுவது? தேதி போட்டால் செயற்கையாக இருக்கிறதே.

பொதுவாகப் பயன்படுத்தும் பொருளால் காட்டலாம். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் வீட்டில் முதல் டிவி முன்கட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. வீட்டுக்காரர் குடும்பம் நாற்காலியில், டீச்சர் பெஞ்சில், நாங்கள் தரையில், தெருப் பிள்ளைகள் ஜன்னலில். வாடகை பாக்கி வைத்த மாதம் நாங்கள் தரையிலிருந்து தாமாகவே ஜன்னலுக்கு மாறினோம். யாரும் போகச் சொல்லவில்லை.

தொலைபேசி என்றால் பி.பி. நம்பர். பக்கத்து வீட்டு போன் எண்ணை விசிட்டிங் கார்டில் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொண்ட காலம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் போன்காரர் வீட்டுக்குத் தெரியும். கதை எழுத இதைவிட வசதி ஏது?

மின்சாரத்தை மறக்காதீர்கள். 2016 மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆயிற்று. ஒரே மீட்டரும் நாலு சப்-மீட்டருமாக இருக்கும் வீட்டில் அந்த இலவச யூனிட் யாருக்குப் போகிறது? யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் ஒரு விலை சொல்லி வசூலிப்பார். கேட்டால் "இஷ்டம் இருந்தா இருங்க" என்பார். ஊர் 1996இல் சென்னையாகிவிட்டாலும் வேலூர்ப் பாட்டிக்கு இன்றைக்கும் மெட்ராஸ்தான். தூண்கள் மேல் உயரே ஓடும் பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரை ஓடி, 1997இல் மயிலாப்பூரை எட்டியது. அந்தப் பாதையோரம் மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டவர்கள் திடீரென்று பயணிகள் பார்வைக்கு வந்தார்கள். வீட்டு எண்களும் ஒரு தரம் மாறின. "பழைய எண், புதிய எண்" என்று இரண்டையும் சுமக்கும் விலாசம் தமிழ் நாவலுக்குக் கிடைத்த இலவசப் பரிசு.

வெள்ளம், தண்ணீர்ப் பஞ்சம் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எல்லோரும் வைக்கிறார்கள். குடத்தை வைத்துப் பெரியவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டும் போயிருக்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வரும் பிரதிகளில் மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை, போன் இல்லை, மொட்டைமாடியில் எல்லோரும் ஒரே அண்டாவில் கிச்சடி கிண்டிச் சாப்பிட்டுச் சாதி மதம் மறக்கிறார்கள். கிச்சடி கிண்டியது உண்மை, நானும் கரண்டி பிடித்தேன். எனக்கு வேண்டியது நாலாவது நாள். தரைத்தளக் குடும்பம் முதல் மாடி ஹாலில் படுத்திருக்கிறது. அவர்கள் பாத்திரத்தை எந்த அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்? சேறு படிந்த சம்ப் கழுவும் செலவைப் பிரிக்கும்போது மூணாவது மாடியில் ஒருவர், "எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலையே" என்றார். அதைச் சொன்னவரும் கிச்சடி சாப்பிட்டவர்தான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன் ரயிலில் தண்ணீர் வந்தது. செய்தி பெரியது. உங்கள் நாவலுக்கு அதைவிடத் தேவைப்படுவது, லாரித் தண்ணீர் வாங்கிய அபார்ட்மென்ட்டில் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்று எதிர்வீடு எண்ண ஆரம்பித்த கணக்கு.

யார் பார்வையில் சொல்வது?

"நாங்கள்" என்ற பார்வை இந்த வகை நாவலுக்கு ஒத்துவரும், முந்நூறு பக்கம் தாங்குமா என்பது உங்கள் கை. எந்தப் பார்வையானாலும் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு தகவலுக்கும், இது எப்படித் தெரிந்தது என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். சுவர் வழியாகச் சொற்கள் வருவதில்லை. இருமல் வரும், மிக்ஸி வரும், குக்கர் விசில் வரும். வழக்கமாக நாலு விசில் அடிக்கும் வீட்டில் ஒரு விசிலோடு நின்றால் அங்கே யாரோ ஊரில் இல்லை என்று தெரியும். ஏன் இல்லை என்று தெரியாது. அங்கே யூகம் ஆரம்பிக்கிறது.

யூகம் தப்பாகவும் இருக்கட்டும். எங்கள் அபார்ட்மென்ட்டில் என்னை ரிட்டயர்டு டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் எப்போதும் காகிதக் கட்டும் சிவப்புப் பேனாவும் இருப்பது காரணம். நான் திருத்தவில்லை. ஆண்டுவிழாவில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போட்டார்கள். போன வருஷம் கீழ்வீட்டுப் பையன் கணக்கில் சந்தேகம் கேட்க வந்து நின்றான், சொல்லியும் கொடுத்தேன். இப்போது நான் பாதி டீச்சர்தான். பக்கத்து வீட்டார் தப்பாக நினைத்துக்கொண்ட ஆளாகவே ஒருவர் மெல்ல மாறிப்போவது, என்னைக் கேட்டால், ஒரு முழு நாவலுக்குப் போதும்.

நிஜத் தெருப் பெயரைப் போடலாமா?

பேட்டையின் பெயரை நிஜமாகப் போடுங்கள், தெருவைக் கற்பனையாக வையுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தெருக்காரர் ஒருவர் பால் பூத் இடது பக்கமா வலது பக்கமா என்று உங்களைத் திருத்திக்கொண்டே இருப்பார்.

என் பக்கத்து வீட்டாரையே எழுதினால் தப்பா?

பக்கத்து வீட்டாரை எழுதாமல் யாரும் நாவல் எழுதுவதில்லை. பெயர், ஊர், தொழில் மாற்றுங்கள். நோய், கடன், பெண் பிள்ளைகள் விஷயம் இந்த மூன்றிலும் இரண்டு மடங்கு மாற்றுங்கள். மாற்றினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதற்கும் தயாராக இருங்கள்.

என் முதல் கதை ஒன்றில், பழைய வீட்டு மாமி ஒருவர் பித்தளை அண்டாவை அடகு வைத்ததை எழுதினேன். சேட்டுக் கடை, மழை, முந்தானைக்குள் அண்டா என்று கொஞ்சம் அழகாகவே வந்திருந்தது. மாமி படித்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் என்னைத் தூணோரம் நிறுத்தினார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. "அடகு வெச்சத எழுதினது போகட்டும்டி. களிம்பேறின அண்டான்னு எழுதியிருக்கியே, என் அண்டா என்னிக்குடி களிம்பேறி இருந்துது? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேச்ச கை இது." அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். கதைக்கும் அதுதான் நல்லதாக இருந்தது. அடகுக் கடைக்குப் பளபளவென்று போகும் அண்டாவில்தான் மாமி இருந்தார்.

எப்படி முடிப்பது?

பெரும்பாலும் யாராவது வீட்டைக் காலி செய்வதில் முடிக்கிறார்கள். சரிதான். ஆனால் காலி அறையில் நின்று திரும்பிப் பார்ப்பது, கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடு, சாவியைக் கொடுக்கும்போது நடுங்கும் கை, இந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். அந்த நாளில் யாருக்கும் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார், சாமி படம் எந்த மூட்டையில் போயிற்று என்று தெரியாது, அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பேச்சு இன்னும் முடிந்திருக்காது.

1984இல் நாங்கள் திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்தபோது சுவரில் ஆணி அடித்ததற்கு என்று வீட்டுக்காரர் நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார். அப்பா ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ரிக்‌ஷாவில் அம்மா மடியில் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு ஐஸ் ஹவுஸ் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள், மொத்தம் பதினொரு ஆணி, அதில் ஆறு நமக்கு முன்னால் இருந்தவர்கள் அடித்தது என்று.